தமிழ்ப் படங்களின் தரம் குறைந்துவிட்டதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திண்டுக்கல் பக்கம் ஒரு சிற்றூரில், மாதத்தின் கடைசி ஞாயிற்றுக்கிழமை, நாங்கள் சிலர் சேர்ந்து படம் திரையிடுகிறோம். நாலு முழ வேட்டியைச் சுவரில் கட்டித் தொடங்கியது. இப்போது சொந்தமாகத் திரை இருக்கிறது. படம் முடிந்ததும் சுக்குக் காப்பி உண்டு. அந்தக் காப்பி ஆறுவதற்குள் யாராவது ஒருவர் ஆரம்பித்துவிடுவார்: "அந்தக் காலத்துப் படம் மாதிரி இப்போது யார் எடுக்கிறார்கள்?" பல வருடங்களாக அதே கேள்வி, அதே காப்பி. பதிலை ஒரு முறை எழுதி வைத்துவிட்டால் காப்பியையாவது சூடாகக் குடிக்கலாம் என்று தோன்றியது. பேச்சு தமிழ்ப் படங்களைப் பற்றித்தான். மற்ற மொழிகளை நான் அந்த அளவுக்குப் பார்ப்பவன் இல்லை.

சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள். தரம் குறைந்துவிட்டதா, இல்லையா?

மூன்று பதில்கள் இருக்கின்றன. பெரிய நட்சத்திரங்களின் படங்களில் எழுத்து மெலிந்துவிட்டது. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. சிறிய முதலீட்டுப் படங்களில் முன்பு பார்த்திராத அளவுக்கு நல்லவை வருகின்றன, இதிலும் சந்தேகமில்லை. இரண்டுக்கும் நடுவில், குடும்பத்தோடு போய்ச் சிரித்து, கொஞ்சம் அழுது, வீடு திரும்பும் வகைப் படம் ஒன்று இருந்தது. அது தியேட்டரை விட்டே வெளியேறிக்கொண்டிருக்கிறது. 'தரம் போய்விட்டது' என்று சொல்பவர்களில் பெரும்பாலோர் தேடுவது அந்த மூன்றாவதைத்தான் என்பது என் கட்சி.

பழைய படங்களில் எதைப் போட்டாலும் நன்றாக இருக்கிறதே?

எதையும் யாரும் போடுவதில்லை. பொறுக்கி எடுத்ததைப் போடுகிறார்கள். என் தலைமுறைக்கு முதலில் பொறுக்கிக் கொடுத்தது ஞாயிறு மாலை தூர்தர்ஷன். அதன் பிறகு தனியார் தொலைக்காட்சிகள் வடிகட்டின. இப்போது கைப்பேசியில் துண்டு துண்டாக வருவது மூன்றாவது வடிகட்டல். இத்தனை சல்லடைக்கும் தப்பி வந்ததைப் பார்த்துவிட்டு, இந்த வாரம் வெளியான நாலு படங்களோடு ஒப்பிடுகிறோம். அறுவடை முடிந்து புடைத்து வைத்த நெல்லையும் களத்துமேட்டுப் பதரையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிற மாதிரிதான்.

சில ஆண்டுகளுக்கு முன் வேறு வேலையாகக் கன்னிமாரா நூலகத்துக்குப் போனபோது, 1979-ஆம் ஆண்டு நாளிதழ்க் கட்டு ஒன்று கையில் கிடைத்தது. 'உதிரிப்பூக்கள்', 'அழியாத கோலங்கள்' இரண்டும் வந்த ஆண்டு. பொற்காலம் என்றால் இதுதான் என்று சத்தியம் செய்யத் தயாராக இருந்தவன் நான். சினிமா விளம்பரப் பக்கங்களைப் புரட்டினேன். பாதிக்கு மேற்பட்ட படங்களின் பெயரைக்கூட நான் கேள்விப்பட்டதில்லை. இத்தனைக்கும் அப்போது எனக்குப் பதினொரு வயது. டூரிங் கொட்டகையில் மணலைக் குவித்து உட்கார்ந்து எதையும் விடாமல் பார்த்துக்கொண்டிருந்தவன். எல்லா விளம்பரத்திலும் 'மாபெரும் வெற்றி' என்றுதான் போட்டிருந்தது. பார்த்தவை எனக்கே மறந்துபோயிருந்தன. மறந்ததற்குக் காரணமும் இருந்திருக்கும்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. சல்லடை எப்போதும் நியாயமாகச் சலிப்பதில்லை. தமிழின் முதல் பேசும் படமான 'காளிதாஸ்' 1931-இல் வந்தது; அதன் பிரதி இன்று இல்லை. தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் புனேயில் தொடங்கப்பட்டதே 1964-இல்தான். அதற்குள் எத்தனையோ படச்சுருள்கள் மக்கியும் எரிந்தும் போய்விட்டன. ஆகவே பழையதில் எது உசத்தி, எது மட்டம் என்று நாம் போடும் கணக்கில் பல பக்கங்கள் கிழிந்தே இருக்கின்றன.

இந்தப் புலம்பல் புதிதா?

பழசு. பெரியார் நாட்டைப் பிடித்த நோய்கள் என்று ஐந்தைச் சொன்னார்; சினிமா அதில் ஒன்று. ராஜாஜிக்கும் அவருக்கும் ஒத்துப்போன சில விஷயங்களில் சினிமா மீதான வெறுப்பைத் தாராளமாகச் சேர்க்கலாம். ஜெயகாந்தன் 1972-இல் 'சினிமாவுக்குப் போன சித்தாளு' எழுதினார். நாம் இன்று பொற்காலம் என்று கண்ணில் ஒற்றிக்கொள்கிற காலத்தின் நடுவில் உட்கார்ந்துகொண்டுதான் இவர்கள் எல்லோரும் தலையில் அடித்துக்கொண்டார்கள்.

என் அப்பாவுக்கு 1950-களோடு சினிமா முடிந்துவிட்டது. என் அண்ணனுக்கு 1980-களோடு. என் மகளிடம் கேட்டால் 2010 முதல் 2019 வரை வந்தவைதான் படங்கள் என்கிறாள். அவளுக்கு இப்போது இருபத்தெட்டு வயது. கழித்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்தக் காலத்தில் நல்ல படங்களை ஜனங்கள் ஓட வைத்தார்கள் அல்லவா?

எப்போதும் இல்லை. பாட்டே இல்லாமல் 1954-இல் ஏவி.எம். தயாரித்த 'அந்த நாள்' அப்போது ஓடவில்லை. ஜெயகாந்தனின் 'உன்னைப்போல் ஒருவன்' 1965-இல் தேசிய விருது வாங்கியது, காசு வாங்கவில்லை. ருத்ரையாவின் 'அவள் அப்படித்தான்' 1978-இல் வந்து சத்தமில்லாமல் போனது. 2003-இல் 'அன்பே சிவம்' படத்தைக் காலி நாற்காலிகளோடு பார்த்தவர்களில் நானும் ஒருவன். பின்னாளில் அந்தப் படத்தை ஊரே கொண்டாடும்போது, நீங்கள் எல்லாம் அன்றைக்கு எங்கே போயிருந்தீர்கள் என்று கேட்க வாய் வரும். கேட்டதில்லை.

அப்படியானால் எல்லாம் வயதானவர்களின் ஏக்கம், அவ்வளவுதானா?

இல்லை. ஏக்கத்தைக் கழித்த பிறகும் ஒன்று மிஞ்சுகிறது: எழுத்து.

முன்பு பெரிய தயாரிப்பு நிறுவனங்களில் 'கதை இலாகா' என்று ஒன்று இருந்தது. படத்தின் தொடக்கத்தில் ஜெமினி கதை இலாகா, தேவர் பிலிம்ஸ் கதை இலாகா என்றே பெயர் போடுவார்கள். சேலம் மாடர்ன் தியேட்டர்ஸில் எழுத்தாளர்கள் மாதச் சம்பளத்துக்கு இருந்தார்கள்; கருணாநிதியும் கண்ணதாசனும் அந்த வளாகத்தில் வேலை பார்த்தவர்கள். அவர்கள் எழுதியதெல்லாம் காவியம் என்று சொல்ல வரவில்லை. யானைக்கும் பாம்புக்கும் கதை பண்ணியதும் அந்த இலாகாக்கள்தான். ஆனால் ஒரு மேசையைச் சுற்றி நாலு பேர் உட்கார்ந்து, "இது ஒட்டவில்லை, மாற்று" என்று சொல்ல ஓர் இடம் இருந்தது. முதலாளியின் மகன் சொன்ன காட்சியையும் அங்கே வெட்டுவார்கள்.

1970-களின் கடைசியில் காற்று மாறியது. ஸ்டுடியோவை விட்டுக் கேமரா வெளியே போயிற்று. இயக்குநர் படத்தின் ஆசிரியர் ஆனார். நல்ல மாற்றம்தான். பாக்யராஜ் போன்றவர்கள் 'கதை, திரைக்கதை, வசனம், இயக்கம்' என்று நாலையும் தாமே போட்டுக்கொண்டார்கள். அவர்களால் நாலையும் செய்யவும் முடிந்தது. தொல்லை என்னவென்றால், அதற்குப் பிறகு வந்த எல்லோரும் அந்த நாலையும் தங்கள் பெயருக்கே வைத்துக்கொள்ளப் பார்த்தார்கள். எழுத மட்டும் தெரிந்தவனுக்குத் தமிழ் சினிமாவில் வேலை இல்லாமல் போயிற்று. உதவி இயக்குநர்கள் அறையில் உட்கார்ந்து காட்சி காட்சியாகச் சொல்லிக்கொடுப்பார்கள். திரையில் அவர்கள் பெயர் இருபது பெயர்களில் ஒன்றாக ஓடி மறையும்.

இன்றைய பெரிய படம் எந்த வரிசையில் உருவாகிறது என்று பாருங்கள். முதலில் நாயகனின் கால்ஷீட். அதைக் காட்டித் தயாரிப்பாளர். அவரைக் காட்டி ஓடிடி, தொலைக்காட்சி, இசை உரிமை வியாபாரம். பிறகு பொங்கலோ தீபாவளியோ ஒரு தேதி. எல்லாம் முடிந்த பிறகுதான் கதை விவாதம். அந்த விவாதத்திலும் நாயகன் அறிமுகமாகும் காட்சி, இடைவேளைக் காட்சி, கடைசிச் சண்டை மூன்றும் முதலில் முடிவாகின்றன. மிச்சமிருக்கும் இரண்டு மணி நேரத்தை அந்த மூன்றுக்கும் நடுவில் பஞ்சு மாதிரி அடைக்கிறார்கள். இடைவேளைக்குப் பிறகு படம் படுத்துவிட்டது என்று நாம் வழக்கமாகச் சொல்வதன் மூலம் அங்கே இருக்கிறது.

எழுத்து, எழுத்து என்கிறீர்களே. ஒரு காட்சியைச் சொல்லுங்கள்.

'முள்ளும் மலரும்', 1978. உமாசந்திரன் எழுதி கல்கி இதழில் பரிசு வாங்கிய நாவல். மகேந்திரன் படத்துக்காக அதை நிறையவே மாற்றினார். காளி மின் நிலையத்தில், மலையில் ஏறி இறங்கும் இழுவை வண்டியான விஞ்ச் ஓட்டுகிறவன். தங்கை வள்ளியைத் தவிர அவனுக்கு உலகமில்லை. மேலதிகாரியாக வரும் இன்ஜினியரை அவனுக்குப் பிடிக்காது. ஒரு கையை இழக்கிறான். அந்த இன்ஜினியரையே தங்கை மணக்கப் போகிறாள். அண்ணன் சம்மதமில்லாமல் கல்யாணக் கூட்டம் மலைப்பாதையில் நடக்கிறது.

இன்றைய கணக்குப்படி இங்கே என்ன நடக்க வேண்டும்? காளி திருந்த வேண்டும், இன்ஜினியரைக் கட்டிப்பிடிக்க வேண்டும். அல்லது இன்ஜினியர் கெட்டவன் என்று தெரியவர வேண்டும். இரண்டும் நடக்கவில்லை. தங்கை கூட்டத்தை விட்டு ஓடிவந்து அண்ணனைக் கட்டிக்கொள்கிறாள். அது போதும் அவனுக்கு. உலகத்தில் எல்லாரையும்விட அண்ணன்தான் பெரிது என்று அவள் காட்டிவிட்டாள். அந்தப் பெருமையில் கல்யாணத்துக்குச் சம்மதிக்கிறான். சம்மதித்துவிட்டு, இப்போதும் உங்களை எனக்குப் பிடிக்கவில்லை என்று இன்ஜினியர் முகத்துக்கு நேராகவே சொல்கிறான். அந்த ஒரு வரியில் மனிதன் முழுசாக நிற்கிறான். வீம்பு போகவில்லை, பாசமும் போகவில்லை. இந்த வரியை நட்சத்திரத்துக்காக எழுத முடியாது. காளிக்காகத்தான் எழுத முடியும். அதில் நடித்தவர் ரஜினிகாந்த் என்பதையும் கவனியுங்கள். நட்சத்திரம் என்பதாலேயே எழுத்து கெட்டுப்போக வேண்டும் என்று விதி ஒன்றும் இல்லை.

'உதிரிப்பூக்கள்' புதுமைப்பித்தனின் 'சிற்றன்னை'யிலிருந்து கிளம்பியது. 2019-இல் வந்த 'அசுரன்' பூமணியின் 'வெக்கை'. 'விசாரணை' மு. சந்திரகுமாரின் 'லாக்கப்'. தாளில் முன்பே ஒருவன் உட்கார்ந்து யோசித்த கதை கிடைத்தால் இன்றைக்கும் படம் நிமிர்ந்து நிற்கிறது.

டிஜிட்டல் கேமரா வந்துதான் கெட்டதா?

என் மாமா ஆபரேட்டராக இருந்தார். எங்கள் ஊர்க் கொட்டகையில் ஒரே புரொஜெக்டர். ஆகவே ரீல் மாற்றுவதற்கே இடைவேளைகள் உண்டு. படப்பெட்டி பஸ்ஸின் மேலே வரும். பெட்டி வரத் தாமதமானால் கொட்டகைக்காரர் பாட்டையே திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டிருப்பார். தகரப் பெட்டியைத் திறந்ததும் ஒரு புளித்த வாடை வரும். பெரிய தியேட்டர்களில் ரீல் முடியப்போகும்போது திரையின் வலது மேல் மூலையில் ஒரு பொட்டு மின்னி மறையும். அடுத்த புரொஜெக்டரை ஓட்டுவதற்கான அடையாளம் அது. மாமா எங்கே படம் பார்த்தாலும் கதையைவிட அந்தப் பொட்டுக்காகத்தான் காத்திருப்பார்.

படச்சுருள் என்பது அடிக்கணக்கு. 1000 அடிச் சுருள் 11 நிமிடம் ஓடும். கையில் தூக்கிப் படமெடுக்கும் 400 அடிச் சுருள் நாலரை நிமிடம்தான். கேமரா ஓடத் தொடங்கினால் காசு ஓடுகிறது என்று படப்பிடிப்பில் இருக்கும் டீ கொடுக்கும் பையனுக்கும் தெரியும். ஆகவே ஒத்திகை பார்த்தார்கள். எங்கே வெட்டுவது என்று இயக்குநர் முதல் நாளே யோசித்து வந்தார். நடிகர் வசனத்தைப் படித்துவிட்டு வந்தார்.

2013-இல் ஃபியூஜி சினிமாச் சுருள் தயாரிப்பதையே நிறுத்தியது. அதை ஒட்டிய சில ஆண்டுகளில் சென்னையிலும் படச்சுருளைக் கழுவிப் பிரதி போடும் லேப்கள் அடங்கின. இப்போது கேமராவை அணைப்பதே இல்லை. நாலு கேமரா வைத்து எடுத்துத் தள்ளிவிட்டு, எடிட்டரிடம் மலை மாதிரி கொட்டி, இதில் ஒரு படம் இருக்கிறது, கண்டுபிடியுங்கள் என்கிறார்கள். வெளியீட்டுக்குப் பிறகும் வெட்டுகிறார்கள். 2024-இல் 'மெய்யழகன்' வந்த சில நாட்களில் அதிலிருந்து 18 நிமிடங்களைக் குறைத்தார்கள். ஆற அமரப் பேசுகிற படம் அது. அந்த ஆற அமரத்தான் வெட்டுப்பட்டது. எனக்கு வருத்தம்.

ஆனால் கேமராவின் மேல் பழிபோட நான் தயாரில்லை. சுருள் விலையைக் கேட்டே ஒதுங்கிப்போன எத்தனை இயக்குநர்களை நாம் இழந்திருப்போம்? இரண்டு பேர் வெயிலில் நடப்பதை மட்டுமே காட்டுகிற ஒரு படத்துக்கு 1985-இல் யார் சுருள் வாங்கிக் கொடுத்திருப்பார்கள்?

எது அந்த இரண்டு பேர் நடக்கிற படம்?

பி.எஸ். வினோத்ராஜின் 'கூழாங்கல்'. குடிகாரத் தகப்பன் பள்ளிக்கூடத்திலிருந்து மகனை இழுத்துக்கொண்டு, கோபித்துக்கொண்டு போன மனைவியை அழைத்துவரக் கிளம்புகிறான். போகிறார்கள், திரும்பி வருகிறார்கள். அவ்வளவுதான் கதை. ஒன்றேகால் மணி நேரம். மதுரைச் சீமையின் வெயில் நம் பிடரியில் விழுகிறது. பையன் தாகத்துக்கு ஒரு கூழாங்கல்லை வாயில் அடக்கிக்கொள்கிறான். வீட்டுக்கு வந்ததும் அதை எடுத்து மாடத்தில் வைக்கும்போது அங்கே ஏற்கெனவே நிறையக் கற்கள் இருக்கின்றன. இந்த நடை இன்றைக்கு மட்டும் நடந்தது அல்ல என்று ஒரு வார்த்தை பேசாமல் சொல்லியாயிற்று. நான் மேலே சொன்ன 'எழுத்து' என்பது வசனம் மட்டுமல்ல, இதுவும்தான்.

2021-இல் ராட்டர்டாம் திரைப்பட விழாவின் புலி விருது இதற்குக் கிடைத்தது. அந்த ஆண்டு ஆஸ்கருக்கு இந்தியா அனுப்பிய படமும் இதுவே. படத்தில் வருகிற நிலம் எங்கள் ஊரிலிருந்து அதிகத் தூரமில்லை. ஆனால் எங்கள் ஊர்க்காரர்கள் இதை 2023-இல், வீட்டில், ஓடிடியில்தான் பார்க்க முடிந்தது.

பாட்டு?

பாட்டைப் பற்றிக் கேட்காதீர்கள், சண்டை வரும். ஒன்று மட்டும். 'காளிதாஸ்' படத்தில் சுமார் ஐம்பது பாட்டுகள் இருந்தன. அதற்கு அப்போதும் அலுத்துக்கொண்டிருப்பார்கள். பாட்டு குறைந்தது எனக்குக் குறையாகத் தெரியவில்லை. கதையின் சூழலைச் சொல்லி மெட்டுக் கேட்ட காலம் போய், பதினைந்து விநாடித் துண்டாகப் பிரியக்கூடிய மெட்டைக் கேட்கிற காலம் வந்ததுதான் குறை.

ஏன் எல்லாப் பெரிய படத்திலும் ஒரே துப்பாக்கியும் ரத்தமும்?

2015-இல் 'பாகுபலி' வந்தது, 2017-இல் அதன் இரண்டாம் பாகம். 2018-இல் கன்னடத்திலிருந்து 'கே.ஜி.எஃப்'. ஒரு படத்தை ஐந்து மொழியில் விற்கலாம் என்று எல்லோருக்கும் தெரிந்துபோயிற்று. ஐந்து மொழியில் விற்பதற்கு எது தோது? நாகேஷின் நகைச்சுவையை இந்திக்கு மாற்ற முடியாது. தஞ்சாவூர்ப் பேச்சின் இழுவையைத் தெலுங்கில் கேட்க முடியாது. மாமன் மச்சான் உறவின் சங்கடம் எல்லை தாண்டினால் பாதி செத்துவிடும். அரிவாள் எந்த மொழியிலும் அரிவாள். ஆகவே பணம் ஏற ஏற ஊர் வெளியேறுகிறது, போதைப்பொருள் கிடங்கு உள்ளே வருகிறது. கதை எந்த மாவட்டத்தில் நடக்கிறது என்று சொல்ல முடியாத ஒரு தமிழ்ப் படத்தைச் சமீபத்தில் பார்த்தேன். எல்லோரும் கறுப்புச் சட்டை போட்டிருந்தார்கள் என்பது மட்டும் நினைவிருக்கிறது.

நடுத்தரப் படம் என்று சொன்னீர்களே, அது ஏன் போயிற்று?

1983-இல் 'முந்தானை முடிச்சு', 1986-இல் 'சம்சாரம் அது மின்சாரம்'. இவை கலைப்படங்கள் அல்ல; பட்டிதொட்டியெல்லாம் ஓடிய படங்கள். நம் வீட்டுச் சண்டையை நம் மொழியில் நமக்கே திருப்பிக் காட்டின. வீட்டுக்கு நடுவே கோடு கிழித்துக்கொண்ட அப்பாவையும் பிள்ளையையும் பார்த்துவிட்டு, தங்கள் வீட்டிலும் அதே கோடு இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே பெண்கள் கொட்டகையை விட்டு வந்தது எனக்கு நினைவிருக்கிறது.

அந்தக் கதைகளை முதலில் தொலைக்காட்சித் தொடர்கள் எடுத்துக்கொண்டன. மிச்சத்தை டிக்கெட் விலை முடித்துவைத்தது. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபோது 100 ரூபாய்க்கு மேற்பட்ட டிக்கெட்டுக்கு 28 சதவீதம். தமிழ்நாட்டில் அதற்கு மேல் உள்ளாட்சி வரியும் சேரும் என்றதும் தியேட்டர்களையே சில நாள் மூடினார்கள். வரி பின்னால் குறைந்தது; ஆனால் மல்டிபிளெக்ஸ் என்றால் ஆளுக்கு இருநூறு ரூபாயை ஒட்டித்தான் இன்றும் ஆகிறது. நாலு பேர் உள்ள குடும்பம், டிக்கெட், முன்பதிவுக் கட்டணம், வண்டி நிறுத்த, பிள்ளைகள் கேட்கும் பாப்கார்ன். அந்தப் பாப்கார்ன் விலைக்கு ஒரு கிலோ கோழிக்கறி வாங்கிவிடலாம். இவ்வளவு செலவழித்து, மாமியார் மருமகள் சண்டையைப் பார்க்கவா போவது? பெரிய திரையில் மட்டும் பார்க்கக்கூடிய எதையாவதுதான் பார்ப்போம் என்று குடும்பம் முடிவு செய்கிறது. அவர்களைக் குற்றம் சொல்ல மாட்டேன். என் வீட்டிலும் அதே முடிவுதான்.

அவ்வப்போது ஒன்று தப்பிப் பிழைக்கிறது. 2024-இல் 'லப்பர் பந்து', 2025-இல் 'டூரிஸ்ட் ஃபேமிலி'. இரண்டுக்கும் ஜனங்கள் திரண்டு போனார்கள். ஆக, பார்க்க ஆள் இல்லாமல் இந்த வகை போகவில்லை.

ஒரு வாரம்கூட ஓடுவதில்லையே, அதற்கும் தரத்துக்கும் தொடர்பு உண்டா?

நிறைய. 1944-இல் வந்த 'ஹரிதாஸ்' சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளிகளைக் கண்டது. அதை விடுங்கள், அது அபூர்வம். சாதாரணப் படத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அன்றைக்குச் சில டஜன் பிரதிகள்தான் போடுவார்கள். சென்னை, மதுரை, கோவை என்று பெரிய ஊர்களில் ஓடி, பிறகு திண்டுக்கல், பழனிக்கு வந்து, கோடெல்லாம் விழுந்து, கடைசியில் எங்கள் கொட்டகைக்கு வரும்போது மாதங்கள் ஆகியிருக்கும். படம் எங்களுக்கு வருவதற்கு முன் அதைப் பற்றிய பேச்சு வந்துவிடும். மதுரைக்குத் துணியெடுக்கப் போனவர்கள் பார்த்துவிட்டு வந்து சொல்வார்கள்.

'சேது' 1999 டிசம்பரில், வாங்க ஆளில்லாமல் நெடுநாள் கிடந்துவிட்டு வெளியானபோது, சென்னையில் அதற்குக் கிடைத்தது ஒரு புறநகர்த் தியேட்டரில் பகல் காட்சி மட்டும். வாய்ப்பேச்சிலேயே ஏறி நூறு நாள் ஓடியது. விக்ரமும் பாலாவும் அங்கிருந்துதான் வந்தார்கள். இன்றைக்குத் தமிழ்நாட்டில் இருக்கும் ஆயிரத்துச் சொச்சம் திரைகளில் பெரும்பகுதியை ஒரே வெள்ளிக்கிழமை ஒரு பெரிய படம் பிடித்துக்கொள்கிறது. சின்னப் படத்துக்குப் பதினொரு மணிக் காட்சி. திங்கட்கிழமை அதுவும் இல்லை. பேச்சு பரவுவதற்கு மூன்று நாள் போதாது. இன்றைய 'சேது' எது என்று நமக்குத் தெரியவே போவதில்லை.

ஓடிடி கெடுத்ததா, காப்பாற்றியதா?

இரண்டும். 2020 மே மாதம் 'பொன்மகள் வந்தாள்' தியேட்டருக்கு வராமல் நேரே ஓடிடிக்குப் போனபோது பெரிய சண்டை நடந்தது. அடுத்து 'சூரரைப் போற்று', மறு ஆண்டு 'ஜெய் பீம்'. பூட்டிக் கிடந்த தியேட்டர்களுக்கு நடுவில் இவைதான் தமிழ் சினிமா. பணமும் தாராளமாக வந்தது. பிறகு ஓடிடி நிறுவனங்கள் கையை இறுக்கிக்கொண்டன. ஓடிடி பணத்தை நம்பிப் போட்ட கணக்குகள் எல்லாம் அந்தரத்தில் தொங்கின.

எழுத்தில் ஒரு கெடுதல் வந்தது. வீட்டில் பார்ப்பவர் கையில் கைப்பேசி இருக்கிறது, நடுவில் குக்கர் சத்தம் போடுகிறது. ஆகவே சொன்னதையே மறுபடி சொல்கிறார்கள். பாத்திரம் கதவைத் திறந்துகொண்டே, நான் கதவைத் திறக்கிறேன் என்கிறது.

விமர்சகர்கள்தான் படங்களைக் கொல்கிறார்கள் என்கிறார்களே?

2024 நவம்பரில் தயாரிப்பாளர்கள் தரப்பில், தியேட்டர் வளாகத்துக்குள் யூடியூபர்களை விடக்கூடாது என்று கேட்டார்கள். ஓட்டலில் சாம்பார் ஊசிப்போனால் வாசலில் நிற்பவனை விரட்டிப் பயனில்லை. ஆனால் முதல் காட்சி இடைவேளையிலேயே தீர்ப்புச் சொல்கிற அவசரம் எனக்கும் பிடிக்காது.

மலையாளத்தில் மட்டும் எப்படி நல்ல படம் எடுக்கிறார்கள்?

பழைய படங்களுக்குச் சொன்ன சல்லடைதான் இங்கேயும். மலையாளத்தில் வருவதில் பொறுக்கியவை மட்டுமே நம்மிடம் வந்து சேர்கின்றன. அங்கேயும் ஆண்டுதோறும் பெரும்பாலான படங்கள் நட்டத்தில்தான் போகின்றன. ஆனால் ஒன்று: அங்கே திரைக்கதை எழுதுகிறவருக்குத் தனிப் பெயரும் தனிச் சம்பளமும் உண்டு. சந்தை சிறியது என்பதால் நட்சத்திரத்தின் சம்பளம் கதையை நசுக்குவதில்லை. 2024-இல் 'மஞ்ஞும்மல் பாய்ஸ்' தமிழ்நாட்டில் ஓடிய ஓட்டத்தைப் பார்த்தோம். கதை நடக்கும் கொடைக்கானல் குகை நம் மாவட்டத்தில் இருக்கிறது, அதில் வரும் 'குணா' படப் பாட்டு நம் பாட்டு, கதையை எழுதத் தோன்றியது பக்கத்து மாநிலத்துக்காரருக்கு.

என் பிள்ளைகளுக்குப் பழைய படம் பார்க்கப் பொறுமை இல்லை. எதில் தொடங்கலாம்?

அழுகையில் தொடங்காதீர்கள். 'காதலிக்க நேரமில்லை', 1964, ஸ்ரீதர் இயக்கியது, சித்ராலயா கோபு வசனம். நாகேஷ் பாலையாவுக்குத் தான் எடுக்கப்போகும் படத்தின் கதையைச் சொல்லும் காட்சியைப் போட்டுக்காட்டுங்கள். இசை இல்லை, பேய் இல்லை. கதவின் கிறீச்சொலி, காற்று, காலடி எல்லாம் நாகேஷின் வாயிலிருந்து வருகின்றன. கேமரா பெரும்பாலும் பாலையாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கிறது. அந்த முகம் நாற்காலியிலேயே சுருங்குவதைப் பார்த்து எங்கள் திரையிடலில் எட்டாம் வகுப்புப் பையன்கள் தரையில் உருண்டார்கள். கறுப்பு வெள்ளை என்று பயப்படும் பிள்ளைகளிடம், இது வண்ணப்படம் என்றும் சொல்லிக்கொள்ளலாம்.

சின்னப் படங்களைக் காப்பாற்ற நாங்கள் என்ன செய்ய முடியும்?

வெள்ளி, சனிக்குள் போங்கள். அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது.

சென்ற ஆண்டு பக்கத்து நகரத்தில் ஒரு சின்னப் படத்துக்குச் சனிக்கிழமை காலைக் காட்சிக்குப் போனேன். வாசலில் ஆறு பேர் நின்றிருந்தோம். பத்துப் பேராவது இருந்தால்தான் ஓட்டுவேன், ஏசிக் கரண்டுக்குக்கூடக் கட்டாது என்றார் மேலாளர். அவர் சொல்வதும் நியாயம். பக்கத்துத் திரையில் பெரிய படத்துக்கு டிக்கெட் கிடைக்காமல் ஒரு புதுத் தம்பதி திரும்பிக்கொண்டிருந்தார்கள். அவர்களிடம் பேசிப்பார்த்தோம், சரி என்றார்கள். எட்டு. மிச்சம் இரண்டு டிக்கெட்டை நாங்களே பணம் போட்டு வாங்கினோம். படம் ஓடியது. இடைவேளையில் அந்தப் பெண் கணவனிடம் எதையோ மும்முரமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். படத்தில் வரும் அண்ணன் செய்தது சரியா என்று. முடிந்து வெளியே வந்தபோது, ஊருக்குப் போய் நாலு பேரிடம் சொல்வேன் என்றான் கணவன். நான் திங்கட்கிழமை மாலை என் தங்கையைக் கூட்டிக்கொண்டு மறுபடி போனேன். படத்தை எடுத்துவிட்டிருந்தார்கள்.